முதுமையிற் கித்தார் மீட்டல்

மே மாத இறுதியில் நம் ஊர்ப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ஒரு சடங்கு நிகழ்வதை யாவரும் கண்டிருப்பர். பணி முடித்துச் செல்லும் ஒருவருக்கு மாலை சூட்டிப் பொன்னாடை போர்த்துவர். சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பரிசளிப்பர். அவர்தம் அருங்குணங்களை ஐவர் அறுவர் எடுத்துரைப்பர். இறுதியில் அனைவரும் வரிசையாய் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்வர். வீட்டிற்கு வந்ததும் மாலை ஆணியில் தொங்கும். கடிகாரம் சுவரில் ஏறும். மறுநாட் காலையில், முப்பத்தைந்து ஆண்டுகளாக எட்டு மணிக்குப் புறப்பட்டுப் பழகிய மனிதர், போகவேண்டிய இடம் ஒன்றுமின்றித் திண்ணையில் அமர்ந்திருப்பார். காலத்தை நிரம்பப் பெற்றுவிட்டவருக்குக் காலங்காட்டும் கருவியையே பரிசளிக்கும் நம் வழக்கத்தை என்னென்பது!

நம் மாநில அரசு தன் ஊழியர் ஓய்வு பெறும் வயதை 2020 இல் 58 இலிருந்து 59 ஆகவும், 2021 இல் 60 ஆகவும் உயர்த்தியது. அறுபதில் ஓய்வு பெறுவோருட் பலர் அதன்பின் பதினைந்து, இருபது ஆண்டுகள் நல்லுடலோடு வாழ்கின்றனர். இளமையிற் கற்று இடையிற் கைவிட்ட கலையொன்றை அவர்கள் அக்காலத்தில் மீண்டும் கைக்கொள்ளல் தகுமோ? அக்கலை வீணையோ புல்லாங்குழலோ ஆயின் எவரும் தடை சொல்லார். கித்தார் ஆயின் சிரிப்பர். அச்சிரிப்பு நேரியதன்று என்பதும், அவர்கள் அக்கருவியை எடுக்குமாறு இடமும் பொழுதும் அளித்தல் இளையோராகிய நம் கடன் என்பதும் என் துணிபு.

இத்துணிபு எனக்கு நூலினின்று வந்ததன்று. எங்கள் பெரியப்பா 2023 மே மாதத்தில் ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றார். இரண்டு வாரங்கள் செய்தித்தாளை விளம்பரமும் விடாது படித்தார். மூன்றாம் வாரத்தில் ஏணி சார்த்திப் பரண்மேல் ஏறி, பழந்துணியிற் சுற்றி வைத்திருந்த கித்தார் ஒன்றை இறக்கினார். அவர் 1981 முதல் 1984 வரை கல்லூரி விடுதியில் இருந்தபொழுது பயின்ற கருவி அது. கம்பிகள் துருவேறியிருந்தன, அவற்றைத் தாங்கும் குதிரை பலகையினின்று சற்றே பெயர்ந்திருந்தது. கூடத்தில் அமர்ந்து அவர் பிரடையை மெல்லத் திருகவே, கம்பியொன்று படீரென அறுந்தது. வீட்டிலிருந்த இளையோர் எல்லோரும் சிரித்தோம். "இந்த வயதில் இது எதற்குப் பெரியப்பா?" என்று யானே கேட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. அறுந்த கம்பியைச் சுருட்டிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு எழுந்து போனார்.

என் கேள்வியில் மூன்று தடைகள் அடங்கியிருந்தன என்பதைப் பின்னரே உணர்ந்தேன். விரல் தளர்ந்த வயதில் இக்கருவி கைகூடாது என்பது ஒன்று. கித்தார் இளைஞர்க்கே உரியது. நரைத்தவர் மடியில் அது பொருந்தாது என்பது மற்றொன்று. அறுபதிற்கு மேல் ஒருவர் வேதம் வாசித்தும் செபித்தும் பொழுது கழித்தலே தகும், வாத்தியம் வாசித்தல் வீண் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் முறையே ஆராய்வோம்.

முதற்றடையில் உண்மை இல்லாமலில்லை. கித்தார் வாசிப்போர் இடக்கை விரல் நுனிகளாற் கம்பியை மெட்டின் அருகே அழுத்துதல் வேண்டும். பழகியவர்க்கு அந்நுனிகள் காய்ப்பேறியிருக்கும். கருவியைக் கைவிட்டால் அக்காய்ப்பு சில வாரங்களிலேயே மறைந்து போகும். ஆதலால் முப்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டு வருபவரும் முதல்நாள் மாணவனைப் போலவே விரல் நோவார். கணுக்களில் வாதம் உள்ளவர்க்கு நோவு இன்னும் மிகும். ஆயின் இதற்கு வழியுண்டு. எஃகுக் கம்பியிலும் மெல்லிய வகைகள் கிடைக்கின்றன. கம்பிக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கருவி திருத்துவோரைக் கொண்டு குறைத்துக்கொள்ளலாம். நைலான் நரம்பு பூட்டிய கித்தார் விரலுக்கு இன்னும் இதமானது. முற்காலத்தில் விலங்கின் குடலால் நரம்பு திரித்தனர். 1940களில் நைலான் அதனிடத்தைப் பெற்றது. நைலானுக்கென்று செய்த கருவியில் எஃகுக் கம்பி பூட்டுதல் மட்டும் ஆகாது. அதன் இழுப்பைத் தாங்காது குதிரை பெயர்ந்துவிடும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் வாசித்து மறுவாரம் முழுதும் விரலுக்குத் தைலம் பூசுவதினும், நாள்தோறும் கால் மணி நேரம் வாசித்து, நோவு தோன்றியதும் நிறுத்துதல் சிறந்தது.

மறைந்துபோவது காய்ப்பு மட்டுமே. கற்றது முழுதும் மறைவதில்லை. எந்தக் கூட்டுச்சுரத்திற்கு எவ்விரல் எங்கே நிற்க வேண்டும் என்பதை நெஞ்சு மறந்தாலும் கை மறப்பதில்லை. பெரியப்பாவிடத்து இதனைக் கண்ணாரக் கண்டேன். பெயர் கேட்டால் விழிப்பார். பாட்டைத் தொடங்கினால் விரல்கள் தாமே சென்று நிற்கும். ஒரு கூட்டுச்சுரத்தினின்று மற்றொன்றிற்குச் செல்லும் விரைவு மட்டுமே வரவில்லை. அவ்விடத்தில் பாட்டு ஒரு கணம் நின்று, பின் நடக்கும்.

இனி இரண்டாந் தடை. கித்தார் இளைஞர் கருவி என்பது திரைப்படமும் கல்லூரி விழாக்களும் நமக்குக் கற்பித்த எண்ணம். அக்கருவியின் வரலாறு வேறு. ஸ்பெயின் நாட்டினரான ஆந்திரேஸ் செகோவியா 1893 இற் பிறந்து 1987 இல் மறைந்தவர். தாழ்வாகக் கருதப்பட்ட கித்தாரைப் பேரரங்குகளில் ஏற்றிய பெருமை அவரைச் சாரும். அவர் தொண்ணூறு வயது கடந்த பின்னும் மேடையேறி வாசித்தார். நரைத்த தலைக்குக் கித்தார் ஒவ்வாது என்று அவர்முன் கூறியிருப்பவர் எவர்?

நம் மொழி பயில்வோர்க்கு இக்கருவி அயலானதாகவும் தோன்றவேண்டுவதில்லை. அதன் நரம்புகள் கூட்டப்படும் முறையைப் பாருங்கள். கித்தாருக்கு நரம்பு ஆறு. அடுத்தடுத்த இரண்டு நரம்புகளிடையே குரலுக்கு உழை, அஃதாவது 'ச'வுக்கு 'ம', என்னும் இடைவெளி அமையும். மூன்றாவதற்கும் இரண்டாவதற்கும் இடையில் மட்டும் குரலுக்குக் கைக்கிளை, அஃதாவது 'ச'வுக்கு 'க', அமையும். சிலப்பதிகார உரையிற் பயின்றோர், நின்ற நரம்புக்கு நாலாம் நரம்பை நட்பு என்றும் மூன்றாம் நரம்பைப் பகை என்றும் பண்டையோர் வழங்கியதை அறிவர். அவ்வாறாயின் கித்தாரின் ஐந்து இடைவெளிகளுள் நான்கு நட்பு, ஒன்று பகை. அவ்வொரு பகை இடையில் நிற்பதனாலேயே கூட்டுச்சுரங்களை ஒரு கையால் எளிதிற் பிடிக்க முடிகிறது. இதனைப் பெரியப்பாவிடம் யான் கூறியபொழுது, "குடும்பமும் அப்படித்தான் தம்பி" என்று சொல்லிச் சிரித்தார். கம்பி அறுந்த நாளுக்குப் பின் அவர் என்னோடு கித்தாரைப் பற்றிப் பேசியது அதுவே முதன்முறை.

மூன்றாந் தடையே வலியது. கிறிஸ்தவ இல்லங்களில் அஃது அடிக்கடி எழுவதும் உண்டு. அதற்கு விடை கூறுமுன் ஒரு மூதாட்டியின் வரலாற்றைச் சொல்வேன்.

செகோவியா பிறந்த அதே 1893 இல், அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாநிலத்தில் எலிசபெத் காட்டன் என்னும் கறுப்பினப் பெண் பிறந்தார். சிறுமியாயிருக்கும்போதே பிறர் வீடுகளில் வேலை செய்து, கூலியைச் சேர்த்து, 3 டாலர் 75 சென்டுக்குக் கித்தார் ஒன்று வாங்கினார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர். வலக்கையார்க்கென்று நரம்பு பூட்டிய கருவியை அவ்வாறே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, பிறர் விரலால் மீட்டும் இன்னிசையைப் பெருவிரலாலும், பிறர் பெருவிரலால் மீட்டும் மந்தச் சுரங்களை மற்ற விரல்களாலும் மீட்டினார். கற்பிப்பார் இன்றித் தாமே கண்ட முறை அது. தம் ஊர் வழிச் செல்லும் சரக்கு வண்டியைப் பற்றி அவர் அச்சிறு வயதிலேயே புனைந்த பாட்டு பிற்காலத்தில் உலகெங்கும் பாடப்பட்டது.

ஆயின் அவர் மணம் புரிந்து தாயான பின், உலகப் பாட்டுக்களை விட்டுவிடுமாறு சபையார் அவருக்கு அறிவுரை கூறினர். இல்லறச் சுமையும் சேரவே கித்தார் கைவிடப்பட்டது. பல பத்தாண்டுகள் கழிந்தன. அறுபதை அணுகிய வயதில் அவர் வாஷிங்டன் நகரை அடுத்த பகுதியில், இசை வல்லுநரான சீகர் குடும்பத்தார் இல்லத்தில் வீட்டுவேலை பார்த்து வந்தார். அவ்வீட்டுச் சுவரிலே ஒரு கித்தார் தொங்கிற்று. வேலைக்கிடையே அதனை எடுத்து மீட்டினார். வீட்டுப் பிள்ளைகள் கேட்டு வியந்தனர். அவர்களுள் ஒருவரான மைக் சீகர் அவர் வாசிப்பைப் பதிவு செய்தார். அவருடைய முதல் இசைத்தட்டு 1958 இல் வெளிவந்தபொழுது அவருக்கு வயது 65. 1985 இல் கிராமி விருது பெற்றபொழுது வயது 92. செகோவியா மறைந்த அதே 1987 ஜூன் மாதத்தில் அவரும் மறைந்தார்.

இவ்வரலாற்றைக் கேட்டு, ஓய்வு பெற்றோர் யாவர்க்கும் விருது காத்திருக்கிறது என்று எவரும் எண்ணற்க. ஆயிரவருள் ஒருவர்க்கும் அது கிட்டுவதரிது. இதில் யான் காணும் செய்திகள் இரண்டு. நன்மையை நாடியே கூறப்பட்ட அறிவுரையும் ஒரு கலையைப் பல்லாண்டு மௌனமாக்க வல்லது என்பது ஒன்று. கருவி கண்ணெதிரே, கையெட்டும் இடத்தில் தொங்கியதாலேயே அம்மௌனம் கலைந்தது என்பது மற்றொன்று. அவ்வீட்டாரும் கித்தாரைப் பரண்மேல் வைத்திருந்தால் என்னவாகியிருக்கும்?

இனி வேதத்தைப் பார்ப்போம். பணி ஓய்வைப் பற்றி வேதம் வெளிப்படையாக விதிக்கும் இடம் ஒன்றுண்டு. எண்ணாகமம் எட்டாம் அதிகாரத்தில், ஆசரிப்புக் கூடாரத்துப் பணியில் லேவியர் 25 வயதிற் புகுந்து 50 வயதில் விலகவேண்டும் என்று சொல்லப்படுகிறது. ஆயினும் விலகியவர் வீட்டிற் சும்மா இருக்க விடப்படவில்லை. பெருஞ்சுமைப் பணியை நீக்கி, தம் சகோதரரோடு கூடி அவர்களுக்குத் துணைநிற்கும் எளிய பணியை அவர்க்கு அளித்தனர். ஓய்வாவது சுமையினின்று ஓய்வே. கூட்டத்தினின்று நீக்கமன்று என்பது இதனாற் பெறப்படும்.

முதலாம் நாளாகமம் 25 ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தாவீது அரசர் காலத்தில் சுரமண்டலமும் தம்புருவும் கைத்தாளமும் கொண்டு பாட்டுப் பணி செய்தோர் தொகை 288. அவர்கள் முறைப்பணிக்குச் சீட்டுப் போட்டபொழுது சிறியவர் பெரியவர் என்றோ, ஆசிரியர் மாணாக்கர் என்றோ வேறுபாடு பார்க்கவில்லை. அறுபது வயதுப் புது மாணாக்கர்க்கும் அவ்வரிசையில் இடமுண்டன்றோ? சங்கீதங்களுள் இறுதியாகிய 150 ஆவதை எடுத்துக்கொண்டால், தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நம் முன்னோர் வகுத்த நான்கும் அங்குத் துதிக்கு அழைக்கப்படுகின்றன. அங்கே வேண்டப்படும் தகுதி மூச்சு ஒன்றே, வயதன்று. ஆகவே செபிக்கும் முதியவர் மீட்டவும் செய்தால் செபம் குறைவுபடும் என்று கூறுதல் வேதத்தோடு பொருந்தாது.

மூன்று தடைகளும் நீங்கின. ஆயினும் இவற்றை நீக்கும் பொருட்டு மட்டும் யான் எழுதுகோல் எடுத்தேனல்லேன். யான் சிரித்த செய்தியறிந்த என் தாயார் ஒருநாள் இரவு என்னைத் தனியே இருத்திச் சில கூறினார். என் தந்தையார் கல்லூரியிற் சேர்ந்த ஆண்டில் எங்கள் பாட்டனார் காலஞ்சென்றார். மூத்தவராகிய பெரியப்பா அக்காலத்தில் மாலைதோறும் நண்பரோடு கூடிக் கித்தார் வாசிப்பதுண்டாம். கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு அவரே முன்னின்று வாசிப்பாராம். அவ்வாண்டு முதல் அம்மாலைப் பொழுதுகளை வீடு வீடாய்ச் சென்று தனிப்பாடம் கற்பிப்பதிற் கழித்து, வந்த பணத்தைத் தம்பியின் கட்டணத்திற்குச் செலுத்தினார். தம்பிக்குப் பின் தங்கை. அவளுக்குப் பின் தம் மக்கள். அவர்களுக்குப் பின் தம்பி மக்களாகிய நாங்கள். கித்தார் பரணேறிய ஆண்டு என் தந்தையார் கல்லூரி ஏறிய ஆண்டே. "அவர் விற்றது கித்தாரை அல்ல, அதை வாசிக்கும் நேரத்தை" என்றார் என் தாயார்.

குழலிசையினும் யாழிசையினும் மக்கள்தம் மழலையே இனிதென்று வள்ளுவர் கூறிய குறளை அறியாதார் யார்? பள்ளியில் அதனை மனப்பாடம் செய்தபொழுது, பெற்றோரின் மகிழ்ச்சியைக் கூறும் குறள் என்றே கொண்டேன். தாயார் சொற்கேட்ட பின் அதனுள் ஒரு தியாகமும் இருக்கக் கண்டேன். எங்கள் மழலையின் பொருட்டு யாழை மெய்யாகவே கீழே வைத்தவர் ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார். அவர் இன்று அதனை மீண்டும் எடுத்துத் தட்டித் தடுமாறி மீட்டும் ஒலி என்ன? அதுவும் ஒரு மழலையன்றோ? நம் குதலைச் சொல்லை அவர்கள் பொறுத்தது போதாதென்று, கொண்டாடியும் மகிழ்ந்தார்கள். அவர்கள் விரலின் குதலையைக் கேட்டு நாம் சிரிப்பதோ?

பெரியோர்க்கும் பணிவுடன் ஒன்று கூற விழைகிறேன். மீண்டு வருபவர்க்குப் பெரும்பகை விரல் நோவன்று. தம் இளமையின் நினைவே. அந்நாளில் எவ்வளவு விரைவாய் வாசித்தேன் என்று ஒப்பிட்டு நொந்து, மூன்று மாதத்திற்குள் கருவியை மீண்டும் பரணேற்றுவோர் பலர். இருபது வயதின் விரைவு வரவேண்டுமென்று வாசியாதீர். மெல்ல நடக்கும் கீர்த்தனை ஒன்றைப் பிழையின்றி வாசித்தால் அதுவே போதும். வயதிற் சிறியவனிடம் கேட்டுக் கற்க வெட்கப்படாதீர். தேர்வுக்காலத்தில் படிக்கும் பிள்ளைகளின் பொழுதையும் சற்றுக் கருதுவீராக! கித்தார்தான் வேண்டுமென்பதும் இல்லை. கைவிட்ட ஆர்மோனியமோ, தையலோ, ஓவியமோ எதுவாயினும் ஆகுக.

இளைய நண்பர்காள்! நாம் செய்யத்தக்கவை அரியன அல்ல. பரணில் உள்ள கருவியை இறக்கித் துடைத்துக் கூடத்துச் சுவரில் மாட்டுவோம். நாளொன்றுக்குக் கால் மணி நேரம் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் நிறுத்தி அவர்க்கு அமைதி தருவோம். நம் சபைகளின் பாடற் குழுவில் பின்வரிசையிலேனும் ஓர் இருக்கையை ஓய்வு பெற்றோர்க்கென வைப்போம். அவர்கள் தாளம் தவறும்பொழுது தலைதிருப்பிப் பாராதிருப்போம். பணி நிறைவு நாளிற் கடிகாரத்திற்கு மாறாக ஒரு கட்டுப் புதிய நரம்பு பரிசளித்தாலும் நன்றே.

அறுந்த கம்பிக்கு மாற்றாக ஒரு கட்டு மெல்லிய கம்பி வாங்கி வந்து பெரியப்பாவின் முன் வைத்தேன். மன்னிப்புக் கேட்க நாவெழவில்லை. அவரும் ஒன்றும் கேளாது, "ஆறாவதிலிருந்து தொடங்கு, பிரடையைப் பிடித்துக்கொள்" என்றார். அன்று மாலை முழுதும் இருவரும் கம்பி பூட்டினோம். இப்பொழுது அவர் கித்தார் கடிகாரத்திற்கு அடியில் தொங்குகிறது. மாலை ஆறு மணி அடித்ததும் எடுப்பார். கூட்டுச்சுரம் மாறுமிடத்தில் பாட்டு இன்னும் ஒரு கணம் நிற்கிறது. நாங்களும் பாட்டை நிறுத்தி, அவர் விரல் வந்து சேரும்வரை காத்திருந்து, பின் தொடர்ந்து பாடுகிறோம். முதியோர் உள்ள இல்லந்தோறும் இவ்வாறு காத்திருக்கும் அன்பு பெருகுமாறு ஆண்டவர் அருள்புரிவாராக.